எலும்புப்புரை உள்ள முதுகில் ஸ்க்ரூ: ரோபோ வழியா, கை வழியா?

அம்மாவுக்கு முதுகெலும்பில் ஸ்க்ரூ போட்டாக வேண்டும் என்று ஆனபோது, ரோபோ உதவியுடன் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. அதற்கப்புறம் பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் சொந்தக்காரர்கள் யாருக்கு முதுகு அறுவை சிகிச்சை என்றாலும் எனக்குத்தான் போன் வருகிறது. ரோபோவுக்கென்று தனியாகக் காசு கட்டத்தான் வேண்டுமா, கையால் போட்டால் போதாதா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

எலும்பு உறுதியாக உள்ளவருக்கு, கைதேர்ந்த டாக்டர் கிடைத்தால், கையால் போடுவதே போதும். எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து பலவீனமாகும் நோய், உள்ளவருக்கு என்றால் நான் ரோபோ பக்கம்தான் சாய்வேன்.

அம்மாவின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கீழ்முதுகின் நாலாவது எலும்புக் கணு (எல்4) ஐந்தாவதன் (எல்5) மேல் முன்னோக்கி நழுவி நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. அவற்றைப் பிணைத்து நிறுத்தத்தான் ஸ்க்ரூ. பாசாருக்குப் போய் வருவதற்குள் வழியில் உட்கார இடம் தேடுவார். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) -2.5-க்கும் கீழே. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் எலும்புப்புரைக்கான கோடு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயதானவர்களுக்குக் கணுக்களின் ஓரத்தில் எலும்பு முட்கள் வளர்ந்திருக்கும். அவையும் கணக்கில் சேர்வதால், கீழ்முதுகில் மட்டும் எடுத்த டெக்ஸா எண் உண்மையைவிட நன்றாகத் தெரியலாம். இடுப்பு மூட்டு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். சிடி ஸ்கேனை வைத்தும் எலும்பின் அடர்த்தியை டாக்டர் கணிக்க முடியும்.

ரோபோ என்றதும் அம்மா கேட்டது: "மெஷினே குத்திடுமா டாக்டர்?"

"இல்லம்மா. எந்த இடம், எந்தக் கோணம்னு காட்டுறது மட்டும்தான் அதோட வேலை. துளை போடுறது, ஸ்க்ரூ திருகுறது எல்லாம் நான்தான்."

அவ்வளவுதான் விஷயம். முதலில் சிடி ஸ்கேனை வைத்துக் கணினியில் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் வழி வரைகிறார்கள். அறுவைக் கூடத்தில் அந்தத் திட்டத்தை நோயாளியின் உடலோடு பொருத்துகிறார்கள். ரோபோ கை, குறித்த கோணத்தில் ஒரு குழாயைப் பிடித்து நிற்கிறது. டாக்டர் அந்தக் குழாய் வழியாகத் துளையிடுகிறார். கைமுறையில் டாக்டர் எலும்பின் மேற்பரப்பு அடையாளங்களையும் அறுவையின்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயையும் பார்த்துத் துவாரம் தொடங்கி, கூர்முனைக் கருவியைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளுகிறார். பிறகு நுனி உருண்ட மெல்லிய கம்பியை விட்டு, நாலு பக்கச் சுவரும் அடியும் சரியாக இருக்கின்றனவா என்று தடவிப் பார்க்கிறார்.

எது துல்லியம் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஜெர்மனியில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில் கைமுறைதான் ஜெயித்தது: நல்ல நிலையில் அமைந்த ஸ்க்ரூக்கள் கையால் 93 சதவீதம், ரோபோவால் 85 சதவீதம். அது ஆரம்பகால ரோபோ. குழாயின் முனை எலும்பின் சரிவில் வழுக்கியிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சந்தேகப்பட்டார்கள். 2019-இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வில் நிலைமை தலைகீழ்: எலும்புக்குள் முழுக்க முழுக்க அடங்கிய ஸ்க்ரூ ரோபோவால் 95.3 சதவீதம், கையால் 86.1 சதவீதம். இரண்டுமே எலும்புப்புரை நோயாளிகளுக்கென்று தனியாகச் செய்தவை அல்ல. அதனால் இந்த எண்களை மட்டும் நம்பி நான் முடிவெடுக்கவில்லை. மருத்துவமனை விளம்பரத் தாளில் இருக்கும் சதவீதத்தைப் பார்த்து நீங்களும் முடிவெடுக்காதீர்கள்.

என் முடிவுக்குக் காரணம் பிடிமானம். ஸ்க்ரூ முதுகுப் பக்கமிருந்து பெடிக்கிள் என்ற குறுகிய எலும்புப் பாலத்தின் வழியாகக் கணுவுக்குள் போகிறது. அதன் பிடியில் பெரும்பங்கு அந்தப் பாலத்தில்தான். எலும்புப்புரையில் உள்ளே இருக்கும் சல்லடை போன்ற பகுதி மெலிந்து, இடைவெளிகள் பெரிதாகிவிடுகின்றன. செல்லரித்த கதவு நிலையில் திருகாணி போட்டவர்களுக்கு இது புரியும். முதல் தடவை ஓரளவு பிடிக்கும், கழற்றிச் சற்று தள்ளிப் போட்டால் இரண்டு துளையும் ஒன்றாகிப் பிடியே இருக்காது. எலும்பிலும் அதேதான். நொறுங்கிய சல்லடைப் பகுதி அறுவை மேசையிலேயே திரும்ப உருவாகப் போவதில்லை. உறுதியான எலும்பில் கோணம் தவறினால் டாக்டர் திருத்திக்கொள்ளலாம். மெலிந்த எலும்பில் முதல் துளைதான் நல்ல துளை.

அதோடு கைமுறையின் பெரிய பலமே கை உணர்வு. கருவி சுவரைத் தொட்டால் டாக்டரின் கைக்குத் தெரியும். எலும்புப்புரையில் சுவரே மெலிந்து, உள்ளே எதிர்ப்பும் குறைந்துவிடுவதால் அந்த உணர்வு மங்கிவிடுகிறது. சி-ஆர்ம் படத்திலும் எலும்பு வெளிறித்தான் தெரியும். அனுபவக் கை எதை நம்பி வேலை செய்கிறதோ அந்த இரண்டுமே குறைந்துபோகும் நோயாளி இவர். முன்பே வரைந்த வழியில், ஒரே தடவையில் துளை போட ரோபோ உதவுகிறது என்பதைத்தான் நான் விலை கொடுத்து வாங்கினேன்.

ஸ்க்ரூவின் தடிமனிலும் ஓர் ஆதாயம் உண்டு. டாக்டர் திரையில் அம்மாவின் எல்5-ஐத் திருப்பித் திருப்பிக் காட்டினார். முதலில் வைத்த ஸ்க்ரூவைச் சுற்றிப் பெடிக்கிளுக்குள் இடம் மிச்சமிருந்தது. ஒரு மில்லிமீட்டர் தடிமனானதை மாற்றி வைத்தார், கோணத்தைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்தார், சுவருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே மெல்லிய கோடு மட்டும் நின்றது. தடிமன் கூடினால் பிடி கூடும். அளவு மீறினால் மெலிந்த பெடிக்கிள் வெடித்துவிடும். கைமுறை டாக்டரும் சிடி பார்த்து அளவெடுப்பார்தான். திரையில் கண்ட அந்த வழியை எலும்பில் அப்படியே கொண்டுபோய் இறக்குவதில்தான் வித்தியாசம்.

ரோபோவின் பலவீனமும் எலும்புப்புரையில்தான் கூடுதலாகத் தெரிகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பல கருவிகளில் இடுப்பெலும்பிலோ முதுகெலும்பின் முள்ளிலோ ஒரு ஊசி அல்லது கவ்வி பொருத்தி, அதை அடையாளமாக வைத்துத்தான் எல்லாக் கணக்கும் ஓடுகிறது. எலும்பு மெலிந்திருந்தால் அது லேசாக அசையலாம். அசைந்தது தெரியாமல் போனால், ரோபோ அதே நிதானத்தோடு தவறான இடத்தைக் காட்டும். அதனால் முதல் ஸ்க்ரூ போட்டதும் எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்ப்பீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன். சரிபார்ப்போம், சந்தேகம் வந்தால் ரோபோவைத் தள்ளிவிட்டுக் கையால் தொடர்வோம் என்றார். ரோபோ இல்லாமலும் முடிக்கத் தெரிந்தவர் கையில் மட்டும்தான் ரோபோ பாதுகாப்பு. இந்தக் கேள்விக்கு மழுப்பினால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

கைமுறை பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கோலாலம்பூரில் மலேயா பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களில் வளைந்த முதுகுகளுக்கே கைமுறையில் ஸ்க்ரூ போட்டுப் பழகிய டாக்டர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் ஒரு பக்கம், ரோபோவை இப்போதுதான் பழகும் டாக்டர் இன்னொரு பக்கம் என்றால் நான் யோசிக்காமல் முதலாமவரிடம் போவேன். ரோபோவைப் பொருத்தி முடிக்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும்; வயதானவருக்குக் கூடுதல் மயக்க நேரம் சின்ன விஷயம் இல்லை. செலவும் கூடும். எங்கள் காப்புறுதி உத்தரவாதக் கடிதத்தில் ரோபோவுக்கான ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்கள் சேரவில்லை. அதைக் கையிலிருந்துதான் கட்டினோம். அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த முறையானாலும் சிமெண்ட் பேச்சு வரும். பக்கவாட்டில் துளையுள்ள ஸ்க்ரூ வழியாக எலும்பு சிமெண்ட்டைச் செலுத்தினால் பிடி நன்றாகக் கூடுகிறது. அது ரத்தக்குழாய்க்குள் கசிந்து நுரையீரல் வரை போகும் அபாயமும் உண்டு. பின்னால் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டி வந்தாலும் சிரமம். அம்மாவுக்குத் திருகும்போது பிடி குறைவாகத் தெரிந்த ஸ்க்ரூக்களில் மட்டும் போட்டார்கள். சரியான வழியில் போனாலும் எலும்பே பிடிக்கவில்லை என்றால் ரோபோவால் ஒன்றும் செய்ய முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

அறுவைக்குச் சில மாதம் முன்பே டெரிபாரடைட் ஊசி தொடங்கியிருந்தோம். தினமும் தோலுக்கடியில் 20 மைக்ரோகிராம், தொடையிலோ வயிற்றிலோ. எலும்பை வளர்க்கும் மருந்து இது. முதுகெலும்பு இணைப்பு அறுவைக்கு உள்ளானவர்களிடம் இது ஸ்க்ரூ தளர்வைக் குறைத்ததாக ஜப்பானிய ஆய்வுகள் உண்டு. வைட்டமின் டி-யும் பாருங்கள். வெயில் கொளுத்தும் ஊராக இருந்தும், மலேசியாவில் சீனர்களைவிட மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களான நம்மிடமும் அது குறைவாக இருப்பது பரவலாகப் பதிவாகியிருக்கிறது.

இதுவரை எடுத்த படங்களில் அம்மாவின் ஸ்க்ரூக்களைச் சுற்றித் தளர்வைக் காட்டும் கறுப்பு வளையம் இல்லை. அதற்கு ரோபோவுக்கு மட்டும் பேர் கொடுக்க மாட்டேன். ஊசி, சிமெண்ட், ரோபோ மூன்றும் சேர்ந்தே செய்தோம், எது எவ்வளவு உதவியது என்று ஒரு அம்மாவை வைத்துச் சொல்லிவிட முடியாது. போன் செய்கிறவர்கள் கையில் ஊசி, ரோபோ இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஊசிக்குக் கட்டுங்கள் என்கிறேன். நரம்பு அவசரம் இல்லாவிட்டால் அறுவையைச் சில மாதம் தள்ளி, எலும்பைத் தேற்றிக்கொண்டு, நல்ல கைமுறை டாக்டரிடம் போகலாம். இரண்டுக்கும் வசதி இருந்தால், ஊசியை இப்போதே தொடங்கி, ரோபோவுக்குத் தேதி வாங்குங்கள்.