மணலைக் கொட்டிய மாலத்தீவு, மண்ணை வாங்கிய கிரிபட்டி

கடல்மட்டம் ஏறிக்கொண்டே போனால் தாழ்வான தீவு நாடு என்ன செய்யும்? மாலத்தீவு நிலத்தை உயர்த்தியது. பசிபிக்கில் இருக்கும் கிரிபட்டி வேறொரு நாட்டில் நிலம் வாங்கியது.

மாலத்தீவின் பெரும்பகுதி கடலுக்கு மேல் 1 மீட்டர்கூட இல்லை. 1987இல் அலைகள் தலைநகர் மாலேவுக்குள் புகுந்தபின், ஜப்பான் உதவியுடன் ஊரைச் சுற்றித் தடுப்புச்சுவர் எழுந்தது. 1997இல் பக்கத்திலேயே ஹுல்ஹுமாலே வேலை தொடங்கியது. கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டிக் கொட்டி, சுமார் 2 மீட்டர் உயரத்தில் ஒரு புதுத் தீவு! இப்போது அங்கே அடுக்குமாடிகள், பள்ளி, மருத்துவமனை எல்லாம் உண்டு. என்ன, மணல் அள்ளும்போது கிளம்பும் சேறு பவளப்பாறைகளை மூடும். அலையின் வேகத்தைத் தணிப்பவையே அந்தப் பாறைகள்தான்.

கிரிபட்டி 2014இல், அதிபர் அனோட்டே டோங் காலத்தில், ஃபிஜியின் வனுவா லெவு தீவில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் வாங்கியது. சரி, பட்டா கிடைத்தது, ஆட்சி ஃபிஜியுடையதுதானே? போதாக்குறைக்கு, சாலமன் தீவு வம்சாவளியினர் ஏற்கெனவே அங்கே குடியிருந்தார்கள். 2016இல் அடுத்த அதிபராக வந்த தானெட்டி மாமாவ் குடிபெயரும் பேச்சையே ஓரங்கட்டினார்.

கையில் காசிருந்தால் மாலத்தீவு வழிதான் என் தேர்வு. நாடு நாடாகவே இருக்கும். அந்தக் காசு அவர்களுக்குச் சுற்றுலாவில் வருகிறது, கிரிபட்டிக்கு அந்த வசதி கிடையாது. அப்புறம், மாலத்தீவு அதிபர் நஷீதும் 2008இல் இந்தியாவிலோ இலங்கையிலோ நிலம் வாங்கலாம் என்றவர்தான். அது பேச்சோடு நின்றது.