முன்பள்ளிப் பிள்ளைக்கு எந்தக் கத்தரிக்கோல்?

கொழும்பில் வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளிலோ புறக்கோட்டை நடைபாதையிலோ சிறுவர் கத்தரிக்கோல் தேடும் பெற்றோரின் கை முதலில் நீள்வது, முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆனதை நோக்கித்தான். விரலை வெட்டாது என்ற நிம்மதியே அதற்குக் காரணம். ஆனால் அது கடதாசியையும் ஒழுங்காக வெட்டுவதில்லை. கடதாசி இரண்டு அலகுகளுக்கும் இடையில் மடிந்து சிக்கிக்கொள்ள, பிள்ளை மணிக்கட்டை முறுக்கி அதைப் பிய்த்து இழுக்கிறது. மாவுருண்டையையும் விளையாட்டுக் களியையும் வெட்ட, இரண்டரை வயதில், அது போதும்.

கைப்பிடிகளுக்கு இடையே வில் பொருத்தியது இரண்டாவது வகை. அழுத்தினால் மூடும், விட்டால் தானாகத் திறக்கும். விரல் வலுக் குறைந்த பிள்ளைக்கு இது நல்ல துணை என்றாலும், கட்டைவிரலை விலக்கித் திறப்பதும் மீண்டும் அளவாக மூடுவதுமே உள்ளங்கைச் சிறுதசைகளுக்கான பயிற்சி என்பதால், அதில் பாதியை வில் எடுத்துக்கொள்கிறது. வில்லை விலக்கி வைக்கக்கூடியதாக இருந்தால் மட்டும் வாங்கலாம்.

நுனி மழுங்கிய, ஏறத்தாழ 13 சென்றிமீற்றர் நீளமான உலோகக் கத்தரிக்கோலையே நான் தெரிவுசெய்வேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கட்டைவிரல் மேல்நோக்கியிருக்க ஒரு கை வெட்டும்போது மற்றக் கை கடதாசியைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கிறது; இரண்டு கைகளும் ஒரே வேளையில் வெவ்வேறு வேலை செய்யும் இந்த இசைவே பின்னர் பொத்தான் பூட்டவும், கொப்பியைப் பிடித்துக்கொண்டு எழுதவும் தேவைப்படுகிறது. பொதுவாக 3 வயதில் ஓரத்தைக் கத்தரித்துத் துண்டாக்கவும், 4 வயதளவில் நேர்கோட்டில் செல்லவும், 5 வயதை அண்டி வட்டம் வெட்டவும் பிள்ளைகள் பழகுவர். தொடக்கத்துக்கு வெசாக் கூட்டுக்கான மெல்லிய கடதாசி வேண்டாம், அது நழுவும். வீட்டில் குவிந்து கிடக்கும் பழைய கல்யாண அழைப்பிதழ்களின் விறைப்பான அட்டையே சிறந்தது.

இடக்கைப் பிள்ளையின் நிலை வேறு. வலக்கைக்கான கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைப்பதுடன், விரல்களின் அழுத்தம் அலகுகளை நெருக்காமல் விலக்கியும் விடுகிறது. ‘இரு கைக்கும் ஏற்றது’ என விற்கப்படுபவற்றில் பலவற்றுக்குக் கைப்பிடி மட்டுமே பொது, அலகு வலக்கைக்குரியதே. பிள்ளையிடம் ‘சோத்துக்கையால் வெட்டு’ என்று அதட்டுவதைவிட, அலகுகள் மாறிப் பொருத்தப்பட்ட இடக்கைக் கத்தரிக்கோலைத் தேடி வாங்குவது நியாயம்.

எதை எடுத்தாலும், கடைக்காரரிடம் ஒரு துண்டுக் கடதாசி கேட்டு வெட்டிப் பார்க்கவேண்டும். பொதியைப் பிரிக்க மறுத்தால், வெள்ளவத்தைக் காலி வீதியில் அடுத்த கடை தொலைவில் இல்லை.