முதல் பல்லுக்கு ஈரத்துணியா, பிரஷ்ஷா?

பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 மாதம் வாக்கில் கீழ்வரிசை முன்பல் எட்டிப் பார்க்கும். அன்றே சுத்தம் செய்யத் தொடங்கிவிட வேண்டும்.

ஈரத்துணி எளிது. விரலில் சுற்றித் துடைத்தால் போதும். ஈறு வீங்கிச் சிணுங்கும் நாளில்கூடக் குழந்தை அதை அவ்வளவாக எதிர்க்காது. ஆனால் துணி பல்லின் முகப்பைத்தான் நன்றாகத் துடைக்கும். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் மெல்லிய ஏடுபோல் வெள்ளையாகப் படிவது அப்படியே தங்கிவிடும். கைக்குழந்தையின் முன்பல்லில் சொத்தை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சின்னத் தலையும் மிக மென்மையான இழைகளும் உள்ள பேபி பிரஷ் அந்த விளிம்பைத் தொடும். குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, உதட்டை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். துணி விட்டுவைத்தது கண்ணுக்கே தெரியும். ஃப்ளூரைடு பேஸ்ட் ஓர் அரிசி மணி அளவு போதும்.

நான் பிரஷ் பக்கம்தான். பல் முளைக்கும் முன் ஈறு துடைக்கவும், பிரஷ்ஷைக் கண்டாலே அழும் நாளுக்கும் துணி இருக்கட்டும். எதுவானாலும், இரவுப் பாலுக்குப் பின் சுத்தம் செய்யாமல் தூங்கவைக்காதீர்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பால் பல்லிலேயே தேங்கும்.