மினி மோனோகா: கிழிந்த இமைக்குள் போகும் சிலிக்கான் குழாய்

நாய்க்கடியிலோ கொக்கி மாட்டி இழுத்தோ இமை பிய்ந்தால், அது பெரும்பாலும் மூக்குப் பக்க மூலையில்தான் பிய்யும். கண்ணீர் வடியும் நுண்குழாய் ஓடுவதும் அங்கேதான். அதைக் கவனிக்காமல் தோலை மட்டும் தைத்தால் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும்.

அறுந்த நுண்குழாய் சேரும்வரை அதற்குள் விட்டுவைக்கும் சிலிக்கான் குழாய்தான் மினி மோனோகா. தடிமன் 0.64 மி.மீ. அதன் தலையிலுள்ள குமிழ் இமை ஓரத்துக் கண்ணீர்த் துளையில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வதால் மூக்கு வழியே இழுக்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு மரத்துப்போகும் ஊசியே போதும். இதன் பெரிய பலம் இதுதான்.

குழாயை நுழைப்பது எளிது. அறுந்த நுண்குழாயின் உள்முனையைத் தேடுவதுதான் பாடு. மைக்ரோஸ்கோப்பில் பளபளக்கும் வெள்ளை வளையமாகத் தெரியும். தெரியாவிட்டால் மற்ற இமையின் துளை வழியே ஃப்ளோரசின் சாயம் செலுத்திப் பார்க்கலாம். வீக்கம் வடியச் சற்றுக் காத்திருக்கலாம், ஆனால் 48 மணி நேரத்துக்குள் தைப்பது நல்லது.

குறைகளும் உண்டு. துளையை அதிகம் விரித்துவிட்டால் குமிழ் கழன்றுவிடும். குழந்தைகள் கசக்கியே பிடுங்கிவிடுவார்கள். இமையின் மூலைத் தசைநாரும் அறுந்திருந்தால் இந்தக் குழாய் இமையை இழுத்துப் பிடிக்காது. தசைநாரைத் தனியே தைக்க வேண்டும்.

திசு இருந்தால்தான் குழாய்க்கு வேலை. இமைக்கு ரத்த ஓட்டம் அதிகம், நூலாகத் தொங்கும் சதைகூடப் பிழைக்கும், வெட்டி எறியாதீர்கள். முழுதாகத் துண்டானதைச் சலைனில் நனைத்த காஸில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு, அந்தப் பையை ஐஸ்மேல் வையுங்கள். நேரடியாக ஐஸ் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும்.

சுமார் 3 மாதத்தில் குழாயை இடுக்கியால் உருவிவிடலாம், ஆபரேஷன் தியேட்டர் தேவையில்லை.