நாலு கட்டம் தெரிந்தால் நாலு கோர் என்று நம்பாதீர்கள்

மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன், அதுவும் ஒரே கடையில். முதல் முறை இன்டெல் பேரைச் சொன்னார்கள், அடுத்த முறை ஏஎம்டி பேரைச் சொன்னார்கள். இரண்டும் கம்ப்யூட்டரின் மூளையான சிப்பைச் செய்யும் கம்பெனிகள். லேப்டாப் வாங்கக் கிளம்பியவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் பார்க்கப் போனது ஏஎம்டியின் ரைசன் சிப் போட்ட ஒரு லேப்டாப். விற்பனையாளர் அதைத் தொடவே விடவில்லை. "ஏஎம்டியா? சூடாகும் சார், ரெண்டு வருஷம் தாங்காது. செகண்ட் ஹேண்ட்ல இன்டெல் ஐ7 வந்திருக்கு, அதை எடுங்க" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அது சரியென்றே பட்டது. ஏஎம்டி என்றால் அடுப்பு என்று படிக்கிற காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான்.

அந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் இருந்தது. சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கைக் கழற்றியதும் ஏஎம்டியின் அத்லான் சிப் புகைந்து கருகும் வீடியோ ஒன்று 2001ல் பரவியது. அதே சோதனையில் இன்டெலின் பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்துவிட்டது. ஆனால் 2004ல் வந்த பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4 சூட்டுக்கே பேர்போனது. அதற்கு அடுத்து வரவேண்டிய டெஜாஸ் சிப்பை இன்டெல் அந்த ஆண்டே கைவிட்டது. அதற்கப்புறம் இரண்டு பேரின் சிப்பும் எத்தனையோ முறை மாறிவிட்டன, பேச்சு மட்டும் அப்படியே நிற்கிறது. கடையில் அதை வைத்துத்தான் கல்லா கட்டுகிறார்கள்.

சரி, எத்தனை கோர் என்று கேட்டேன். கோர் என்பது சிப்புக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பிரிவு. விண்டோஸில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிப்புக்கான சிபியு பக்கத்துக்குப் போனார். அங்கே நான்கு சின்னக் கட்டங்களில் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. "நாலு கட்டம் தெரியுதா சார்? நாலு கோர்." நானும் விரல் வைத்து எண்ணினேன், நான்குதான். பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

கட்டங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை வீட்டில்தான் படித்தேன். கோர்ஸ் 2, லாஜிக்கல் பிராசஸர்ஸ் 4. இந்தச் சிப்பில் ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்டை, அதாவது இரண்டு வேலை வரிசையை, ஓட்டும். திரையோ த்ரெட்டுக்கு ஒரு கட்டம் போடும். உள்ளே இருந்தது ஐ7-7500யு, இரண்டே கோர். என் தம்பியிடம் இருக்கும் ஐ5-8250யு நான்கு கோர். அவன் லேப்டாப்பில் சட்டென்று முடிகிற வீடியோ வேலை, என் 'ஐ7'ல் இழுத்துக்கொண்டே கிடந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்று பார்த்தால், மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவுப் பட்டியலில் இந்தச் சிப்பே இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அப்போதுதான் ஸ்டிக்கரை உற்றுப் பார்த்தேன். பளபளப்பான புது ஐ7 ஸ்டிக்கர், அதைச் சுற்றி அழுக்கேறிய பழைய பசையின் சதுரம்.

திரும்பக் கொண்டுபோனால் என்ன பதில் வரும்? "ஐ7னு சொன்னோம், ஐ7தானே கொடுத்திருக்கோம்." பில்லை எடுத்துப் பார்த்தேன். 'ஐ7 லேப்டாப்' என்று மட்டும்தான் இருந்தது.

ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றதில், மேலே பணம் போட்டால் மாற்றித் தருவதாக இறங்கி வந்தார்கள். இப்போது அதே மனிதர் அதே வாயால், "ஏஎம்டிதான் சார் இப்ப டாப்பு, ரைசன் 5 7520யு, 7000 சீரிஸ், புத்தம் புதுசு" என்றார். சூட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. ரேம் 8 ஜிபிதான் இருக்கிறதே என்றேன். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார்.

இந்த முறை பில்லில் முழு மாடல் எண்ணையும் எழுத வைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த எண்ணைப் படிக்கத் தெரியவில்லை என்பதுதான் கோளாறு. 2022ல் ஏஎம்டி அறிவித்த அந்தப் பெயர் முறையில் முதல் இலக்கம் எந்த ஆண்டின் வரிசை என்பதைச் சொல்லும். உள்ளே என்ன வடிவமைப்பு என்பது மூன்றாவது இலக்கத்தில் ஒளிந்திருக்கிறது. 7520ல் அது 2, அதாவது ஜென் 2 என்கிற வடிவமைப்பு. முதன்முதலில் 2019ல் வந்த சரக்கு. மெதுவான சிப் என்று சொல்லமாட்டேன், சாதாரண வேலைக்குப் போதும். புத்தம் புதுசு என்று சொல்லி அதற்கு என்னிடம் கூடுதலாக வாங்கியதுதான் வயிற்றெரிச்சல். ரேம் போடலாம் என்று பின்மூடியைக் கழற்றினேன். ஸ்லாட்டே கிடையாது. இந்தச் சிப்போடு வருவது எல்பிடிடிஆர்5 ரேம், போர்டிலேயே பற்றவைத்தது.

கடைக்காரர் மேல் இருக்கும் கோபத்தில் பாதியாவது கம்பெனிகளுக்கும் சேரும். 2023 டிசம்பரில் இந்த 7520யு பெயரை வைத்தே இன்டெல் ஏஎம்டியைக் கிண்டலடித்து, போலி மருந்து விற்பவரோடு ஒப்பிட்டு ஒரு விளக்கத் தொகுப்பை வெளியிட்டது. அப்புறம் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. அடுத்த மாதமே 'கோர் 7 150யு' என்று புதுப்பெயர் சூட்டி இன்டெல் கொண்டுவந்தது, 13ஆம் தலைமுறையின் அதே ராப்டர் லேக் வடிவமைப்பைத்தான். கோர் கணக்கில் ஏஎம்டியும் மாட்டியிருக்கிறது. 2011ல் எட்டு கோர் என்று விற்ற எஃப்எக்ஸ் சிப்புகளில் இரண்டிரண்டு கோர் சில பாகங்களைப் பகிர்ந்துகொண்டன. அது எட்டுதானா என்று வழக்குப் போட்டார்கள், 2019ல் 1.21 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

ஆகவே கடையிலேயே நின்று, சிப்பின் முழு எண்ணையும் தயாரித்த கம்பெனியின் தளத்தில் தட்டிப் பாருங்கள். கோர் எத்தனை, எந்த ஆண்டில் வந்தது, ரேம் எந்த வகை, எல்லாம் அதிலேயே இருக்கும். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று யாராவது சொன்னால் கிளம்பிவிடுங்கள்.

போன வாரம் பணத்தைத் திருப்பிக் கேட்டு மறுபடி போனேன். மாற்றிக் கொடுத்த பொருளுக்குப் பணம் திரும்பாதாம், பில்லின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறார்களாம். நான் திருப்பிக் கொடுத்த அந்த ஐ7, பசைச் சதுரத்தோடு மறுபடி மேசைக்கு வந்திருந்தது. டாஸ்க் மேனேஜர் திறந்தே இருந்தது.