யானைத் தந்தமா, சிவப்பா, ஹைபிரிடா? வீட்டு வெண்டையில் எது தேறும்?

ஆடி பிறந்தால் எங்கள் வீட்டில் இந்தப் பஞ்சாயத்து தொடங்கிவிடும். மாடியில் பன்னிரண்டு பைகள், கொல்லையில் ஒரே ஒரு பாத்தி. எந்த வெண்டையைப் போடுவது? அம்மாவுக்கு யானைத் தந்தம், பிள்ளைகளுக்குச் சிவப்பு, எனக்கு முன்பெல்லாம் கடையில் வாங்கும் ஹைபிரிட்.

ஹைபிரிடில் குறை சொல்ல அதிகமில்லை. 45 நாளில் காய் பறிக்கலாம். செடி குட்டை, கணுவுக்குக் கணு காய்க்கும், பையிலும் சமர்த்தாக நிற்கும். ஆனால் பறிக்கும் நாள் தவறக் கூடாது. இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் கத்தி இறங்காது, அவ்வளவு நார். சந்தைக்குத் தினமும் பறிப்பவருக்கு அது பிரச்சினையே இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தோட்டக்காரனான எனக்குப் பெரிய பிரச்சினை. விதை எடுத்துப் போட்டாலும் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு மாதிரி வந்து நிற்கும்.

யானைத் தந்தம் இதற்கு நேர் எதிர். பெயருக்கேற்ப வளைந்து நீளும் வெளிர்பச்சைக் காய். எங்கள் பாத்தியில் முதல் காய்க்கே இரண்டு மாதம் ஆகிவிடும். செடி என் தலைக்கு மேலே போகும். கிளையை வளைத்துத்தான் பறிக்க வேண்டும், முழங்கை வரை சுனை அரிக்கும். முழுக்கைச் சட்டை போடாமல் பறிக்கப் போனால் அன்று முழுக்கச் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு சாண் தாண்டிய காயும் நுனியை ஒடித்தால் 'டக்'கென்று ஒடிகிறது. நான்கு காய் இருந்தால் ஒரு நாள் புளிக்குழம்புக்குப் போதும். பெரிய துண்டாகப் போட்டாலும் கரைந்து போகாமல் நிற்கும்.

இதை மாடிப் பையில் வைத்துப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். ஓரடிப் பையில் வைத்த செடி ஐந்தாறு காயோடு நின்றுவிட்டது. வேர் ஆழமாக இறங்க வேண்டும். செடிக்குச் செடி இரண்டடி விட்டு, தரையில்தான் வைக்க வேண்டும்.

மாடிக்கு வேண்டுமானால் சிவப்பு. தண்டு, இலை நரம்பு, காய் எல்லாமே சிவந்திருக்கும். மஞ்சள் பூ விரிந்த காலையில் பார்க்க அத்தனை அழகு. அந்த அழகு வாணலி வரைக்கும்தான். வதக்க வதக்க நிறம் கரைந்து சாதாரணப் பச்சையாகிவிடும். அந்தச் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. சூட்டையும் தண்ணீரையும் தாங்காது. பிஞ்சாகப் பறித்துப் பச்சையாகத் தயிர்ப் பச்சடியில் போட்டால் நிறம் நிற்கும். சுவையில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் ஒப்புக்கொள்வதில்லை.

நோய் விஷயத்தில் மட்டும் ஒரு மூடநம்பிக்கையை உடைக்க வேண்டும். 'நாட்டு ரகத்துக்கு நோயே வராது' என்பார்கள். வெள்ளை ஈ பூர்வீகம் பார்த்து உட்காருவதில்லை. அது கொண்டு வரும் மஞ்சள் நரம்புத் தேமல் என்ற வைரஸ் நோய் யானைத் தந்தம், சிவப்பு இரண்டிலும் எனக்கு வந்திருக்கிறது. நரம்பு மஞ்சளாகி இலை வலைபோலத் தெரிந்தால் செடியைப் பிடுங்குவதுதான் வழி; வைரஸுக்கு மருந்தில்லை, வேப்பெண்ணெய் ஈயைத்தான் குறைக்கும். இதில் ஹைபிரிடுகள் பலவும் ஒரு படி மேல். எதிர்ப்புச் சக்தியும் வேண்டும், விதையும் எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா இருக்கிறது. காட்டு வெண்டை இனத்தோடு சேர்த்து, பல தலைமுறை தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய ரகம்; அதனால் ஹைபிரிட் அல்ல. ஆனால் எந்த எதிர்ப்பும் நிரந்தரமில்லை. ஒரு காலத்தில் இதே நோயைத் தாங்கும் என்று பெயர் வாங்கிய பூசா சாவனி என்ற ரகம், பிறகு அதே நோய்க்கு மடங்கியது.

நான் ஹைபிரிடைக் கைவிட்டது விளைச்சலுக்காக அல்ல, விதைக்காக. அதிலும் ஒரு சறுக்கல். ஒரு வருடம் யானைத் தந்தத்தில் எடுத்த விதையைப் போட்டால், முளைத்ததில் மூன்று நாற்றின் தண்டு சிவப்பு! வெண்டை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால் தேனீ சும்மா இருக்குமா? மாடிக்கும் கொல்லைக்கும் அதற்கு ஒரு நொடிப் பயணம். விதைப் பண்ணைகளில் ரகத்துக்கு ரகம் 200 மீட்டராவது இடைவெளி விடுவார்கள். என் மொத்த மனையே அவ்வளவு நீளமில்லை.

அதனால் இப்போது பாத்தியில் யானைத் தந்தம், மாடியில் சிவப்பு, விதைக்கு நூல். மறுநாள் விரியப் போகும் மொட்டின் நுனியை மாலையிலேயே நூலால் கட்டிவிட்டால் பூ திறக்காது, தேனீயும் நுழையாது. அந்தக் காயின் காம்பில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல். அது செடியிலேயே காய்ந்து, பட்டையோரம் வெடிக்கத் தொடங்கும் வரை தொடக் கூடாது.

இந்த வருடம் ஐந்து காய்க்குக் கட்டினேன். இப்போது நான்குதான் இருக்கிறது. ஒன்றை, 'முற்றிவிடப் போகிறதே' என்று அம்மா நூலோடு பறித்துக் குழம்பில் போட்டுவிட்டார்.