கொம்பு எங்கே நிற்கும்? எழுத்துரு மாற்றியுடன் ஆறு ஆண்டுகள்

பர்மாவின் பெகு நகரில் சின்னதாக அச்சகம் நடத்தும் என் மைத்துனர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "அத்தான், உங்களிடம் இருக்கும் எழுத்துரு மாற்றி நல்லதுதானா? பழைய பர்மிய அழைப்பிதழ்க் கோப்புகள் நிறையக் கிடக்கின்றன." நல்லது என்று சொல்லிவிட்டேன். பேசி முடித்த பிறகு மனம் ஒப்பவில்லை.

2019 அக்டோபர் 1 அன்று பர்மா அதிகாரபூர்வமாக ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவை விட்டு, உலகப் பொதுக் குறியாக்கமான (எழுத்துகளைக் கணினியில் எண்களாகப் பதியும் முறை) யூனிகோடுக்கு மாறியது. அந்த மாதமே, ஜாவ்ஜிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் இந்த நிரலை வாங்கினேன். யாங்கோனில் எங்கள் கோவில் கமிட்டியின் நன்கொடையாளர் பட்டியல் முழுவதும் ஜாவ்ஜியில் இருந்தது. ஆயிரக்கணக்கான வரிகளைச் சில நொடிகளில் மாற்றிக் கொடுத்தது. ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதும் அடுக்கெழுத்துகூட ஓரிடத்திலும் உடையவில்லை. அந்த வேலைத்திறனை இன்றும் மெச்சுகிறேன்.

என் கோபமெல்லாம் உதவிப் பக்கங்கள் மீதுதான். "குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க, குறியாக்கம் என்ற பொத்தானை அழுத்தவும்." இப்படியே அறுபது பக்கம், அதுவும் ஆங்கிலத்தில். பொத்தானின் பெயர் எனக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. என் கோப்புக்கு எதைத் தேர்ந்தெடுப்பது, தவறாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும், அதை யார் சொல்வது?

தவறியது 2021இல். கமிட்டித் தம்பி ஒருவர் புதிய பெயர்களைக் கைபேசியிலிருந்து யூனிகோடில் சேர்த்திருந்தார். அது தெரியாமல் முழுக் கோப்பையும் மீண்டும் மாற்றினேன். புதிய பெயர்கள் எல்லாம் சிதைந்தன. மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிடும் என்று எங்கும் ஒரு வரி இல்லை. ரசீதுப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு பதினோரு மாலைகள் உட்கார்ந்தோம். தயாரித்தவருக்கு எழுதினேன். உதவிப் பக்கத்தைப் பாருங்கள் என்று பதில் வந்தது.

காரணத்தைக் கடைசியில் என் விரல்களே சொல்லின. ஜாவ்ஜியும் யூனிகோடும் பர்மிய எழுத்துகளுக்கு ஒரே எண் வரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. எண்ணை மட்டும் பார்த்தால் எது எதுவென்று கணினிக்குத் தெரியாது. ஆனால் எழுத்துக்கு முன்னால் நிற்கும் தவேதோ குறி, ஜாவ்ஜியில் கண்ணுக்குத் தெரிகிறபடியே மெய்யெழுத்துக்கு முன்னால் பதிவாகிறது, யூனிகோடில் பின்னால். ஏற்கெனவே யூனிகோடில் இருந்த பெயர்களையும் ஜாவ்ஜி என்று எடுத்துக்கொண்டு மாற்றியதால்தான் அவை சிதைந்தன. நம் ஒற்றைக்கொம்பும் அப்படித்தானே! பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் "கெ" அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் க முதலில் பதிவாகிறது, கொம்பு அதன் பின்னால். பாமினியில் தட்டச்சுப் பழகிய எந்தத் தமிழனுக்கும் இதை அரை நிமிடத்தில் புரியவைத்துவிடலாம். பர்மியருக்கு அவர்கள் தவேதோவை வைத்தே சொல்லலாம். இவ்வளவு நுட்பமாக நிரல் எழுதத் தெரிந்தவர்கள், அதை வாங்கிப் பயன்படுத்தப்போகும் அச்சகக்காரரையும் கோவில் கணக்கரையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஆறு ஆண்டுகளில் நான்கு முறை புதிய பதிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் முதலில் உதவிப் பக்கத்தைத்தான் திறந்து பார்க்கிறேன். அதே அறுபது பக்கம்.

ஆகவே மச்சான், அன்று சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். வாங்க வேண்டாம். இல்லை, வாங்கியே தீர வேண்டுமென்றால், முதல் நாள் என்னைக் கூப்பிடுங்கள். கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வேறு பென் டிரைவில் வைக்கும்வரை மாற்றத்தைத் தொடங்கும் அந்தப் பச்சைப் பொத்தானைத் தொடாதீர்கள்.